யார் பேருக்கு அர்ச்சனை

2025 ஜூன் 9

அக்கா,

இந்தக் கடிதத்தை ரோகினி டீச்சர் உன் கையில் தந்திருப்பார். நீ பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

தோட்டத்து விலாசத்துக்கு எழுதினால் கடிதம் முதலில் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் யார் யார் கையில் புரண்டு உன்னிடம் வரும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் டீச்சர் விலாசம். என் போனை மேலதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு போனிலிருந்தும் உனக்கு எடுக்கக் கூடாதாம்.

ஜூலை பத்தாம் தேதி நான் கோர்ட்டில் சாட்சி சொல்கிறேன். லக்ஸ்மன் வழக்கு. வெளிநாட்டில் வீட்டு வேலை என்று தோட்டத்துப் பெண்களை விசிட் விசாவில் அனுப்பி அங்கே விற்றவன். வேலைக்குப் போகிற பெண்ணாக நடித்து அவன் வேனில் ஏறியவள் நான். கொழும்பில் அவன் பூட்டி வைத்த வீட்டில் மற்றப் பெண்களோடு பாயில் படுத்து எழுந்தேன். அங்கே எனக்கு வேறு பெயர், வேறு ஊர். என் முகம் அவனுக்குத் தெரியும். என் பெயரும் வீடும் தெரியாது. அவன் உள்ளே இருந்தாலும் அவனுடைய ஆட்கள் வெளியில்தான் திரிகிறார்கள். அதனால் கோர்ட்டில் என்னை 'ஐந்தாம் சாட்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, குரலையும் மெஷினால் மாற்றுவார்கள்.

கைது செய்த பிறகுதான் அவன் நாகலெட்சுமி அக்காவின் தம்பி என்று எனக்கே தெரிந்தது. நம் லயத்து வரிசையில், கடைசிக் காம்பரா வீட்டு நாகலெட்சுமி அக்கா! நான் வெளியூரில் படித்துப் போலீசில் சேர்ந்த வருஷங்களில் அவன் மஸ்கெலியாவிலிருந்து நம் டயகமத் தோட்டத்துக்கு வந்து போயிருக்கிறான். சுலக்ஷனாவை ஏற்றிப் போனவனும் அவன்தான், எனக்குச் சந்தேகமில்லை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், பெட்டியில் திரும்பி வந்தாள். ஆனால் குற்றப்பத்திரத்தில் அவள் பெயர் இல்லை அக்கா. அவன்தான் அனுப்பினான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை, பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

யார் கேட்டாலும் நான் கொழும்பில் கார்மென்ட்ஸில் இருக்கிறேன். அம்மாவுக்கும் அப்படியே இருக்கட்டும். பதில் எழுதும்போது என் பெயரை எழுதாதே.

உன் தங்கை

*

2025 ஜூன் 15

அன்புள்ள தனுஷிகா,

ஐயோ, எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், கிடக்கட்டும். இனிமேல் பாப்பா.

டீச்சர் வந்த சத்தத்தில் தூங்கிய பிள்ளைகளில் பாதி எழுந்துவிட்டன. மடியில் ஒன்று, தோளில் ஒன்று, அப்படியே உன் கடிதத்தைப் படித்தேன். "பிள்ளை, இதைக் கவனமா வையும், நான் ஒண்டும் கேக்கேல்ல" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். அடுப்பில் போட மட்டும் மனசு வரவில்லை. அரிசிப் பானைக்குள் இருக்கிறது. திட்டாதே.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் தோட்டத்தில் படித்த பிள்ளைகள் எல்லாம் டீச்சராகப் போகிறார்கள், பேங்கில் சேருகிறார்கள். உனக்கு மட்டும் திருடனோடு வேனில் ஏறுகிற உத்தியோகம். வெளியில் சொல்லிப் பெருமைப்படவும் முடியாது, அழவும் முடியாது. யாரிடம்தான் சொல்வேன்? கோயில் ஆத்தாளிடம்தான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை வைத்தேன். "யார் பேருக்கு?" என்றார் பூசாரி. பெயர் சொன்னேன், ரேவதி நட்சத்திரம் என்றேன். "என்னா வேண்டுதல்?" என்றார். "ஒரு கோர்ட்டு காரியம் சாமி, நல்லபடியா முடியணும்" என்று காதோடு காதாகச் சொன்னேன். அவர் வழக்கம்போல மைக்கில் படித்தார். 'தனுஷிகா, ரேவதி நட்சத்திரம், கோர்ட்டு காரிய ஜெயம்' என்று கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்பீக்கரை இப்போது கம்பத்தில் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். மேல் லயம் வரைக்கும் கேட்குதாம்.

சுலக்ஷனாவிடமிருந்து பேச்சு மூச்சு இல்லாமல் போன காலத்தில் காளியாயி அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் மகள் பெயருக்கு அர்ச்சனை வைப்பாள். 'சுலக்ஷனா, பூரட்டாதி நட்சத்திரம்' என்று கேட்டுக் கேட்டு இங்கே பேச்சு வராத பிள்ளைக்கும் அது மனப்பாடம். பெட்டி வந்த வாரத்தோடு நின்றது. அவளைத்தான் கைவிட்டாய், என் தங்கச்சியையாவது பார்த்துக்கொள் என்று ஆத்தாளோடு சண்டையே போட்டுவிட்டு வந்தேன்.

எனக்குப் பின்னால் நாகலெட்சுமி அக்கா நின்றாள். தம்பி பெயருக்கு. அவளுக்கும் அதே கோர்ட்டு காரிய ஜெயம். பாவமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

பிரியந்தி

*

2025 ஜூன் 19

அக்கா,

மைக்கிலா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். இங்கே என்னை யாருக்கும் தெரியாது, இருந்தாலும் சாத்தினேன். நீதிபதி கட்டளை போட்டு, பைல் பைலாகக் கறுப்பு மை பூசி மறைத்த பெயர் அது. நீ அதைத் தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கம்பத்தில் ஏற்றிவிட்டாய். அதுவும் அவனுடைய அக்காவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. கார்மென்ட்ஸ் பெண்ணுக்கு என்ன கோர்ட்டுக் காரியம் என்று அவள் யோசிக்க மாட்டாளா? அவள் என்ன முட்டாளா?

டவுன் பெண் என்று சொல்லித்தான் போனேன், இருந்தாலும் நான் தோட்டத்துப் பெண் என்று லக்ஸ்மனுக்கு ஏற்கெனவே சந்தேகம் உண்டு. அந்த வீட்டில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நின்று பார்த்துவிட்டு, "இது தேயிலைக் கொழுந்து எடுத்த கை" என்றான். சிரித்து மழுப்பினேன். இப்போது அவனுடைய வக்கீல் தவணைக்குத் தவணை எழுந்து, சாட்சி எந்தத் தோட்டம் என்று கேட்கிறாராம். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர்.

உன் கல்யாணப் படத்தை உடனே சுவரிலிருந்து கழற்று. உன் பக்கத்தில் பச்சைச் சேலையோடு தட்டு ஏந்தி நிற்பது நான். அதை ஒருத்தர் போனில் படம் பிடித்து அவனிடம் காட்டினால் போதும். நாகலெட்சுமி அக்கா கேட்டால், கார்மென்ட்ஸில் சம்பளப் பிரச்சினை, தொழில் கோர்ட்டில் வழக்கு என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். பரிகாரம் என்று இன்னொரு அர்ச்சனை வைத்துவிடாதே, உனக்குக் கோடி புண்ணியம்.

கோபத்தில் எழுதுகிறேன். நீ அழுவாய் என்றும் தெரியும். அழு, ஆனால் படத்தைக் கழற்றிவிட்டு அழு.

*

2025 ஜூன் 24

தங்கைக்கு,

நான் அழவில்லை. உனக்காகக் கும்பிட்டதற்கு இவ்வளவு பேச்சு வாங்குவேன் என்று நினைக்கவும் இல்லை. நீ சொன்னதை எல்லாம் யோசித்த பிறகு உன்னிடம் கோபப்படவும் முடியவில்லை. என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

படத்தைக் கழற்றி அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் பாப்பா, கல்யாணத்திலிருந்து ஒரே இடத்தில் தொங்கிய படம். சுவர் முழுக்கப் புகை ஏறிக் கறுத்திருக்கிறது, படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாகத் தெரிகிறது. அதை மறைக்க ஒரு காலண்டர் வாங்கி வரலாம் என்று இருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி அக்கா வந்துவிட்டாள்.

"சீனி கொஞ்சம் இருந்தா குடு" என்று வந்தவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். மழை விடவில்லை. டீ கொடுத்தேன்.

"தனுஷிகாவுக்கு என்னா கேஸு?" என்றாள்.

"கார்மென்ட்ஸ்ல சம்பளம் ஒழுங்கா குடுக்கலையாம் அக்கா. எல்லாப் புள்ளைங்களும் சேர்ந்து கேஸ் போட்டிருக்காங்க."

"எந்தக் கோர்ட்டு?"

"கொழும்புலதான். எனக்கு அதெல்லாம் வெளங்கலீங்க."

அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இங்க ஒன் கல்யாணப் படம் இருந்திச்சே" என்றாள். கண்ணாடி உடைந்து போச்சு, அட்டன் டவுனுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்றேன். "ஓ" என்றாள். சீனியை வாங்காமலே எழுந்து போனாள்.

நான் என்ன செய்யட்டும்? சொல்.

பிரியந்தி

*

2025 ஜூன் 29

அக்கா,

என் பொறுப்பதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. பைலை மூடி வைத்துவிட்டு இரண்டு வழி சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்று, நான் சாட்சியிலிருந்து விலகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்களாம். ஆனால் மற்றப் பெண்களில் வாய் திறக்க ஆள் இல்லை. சிலர் பயந்து ஒதுங்கிவிட்டார்கள், சிலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நான் விலகினால் அவன் வெளியே வந்துவிடுவான். அடுத்த மாதமே இன்னொரு வேன் வாங்குவான்.

இரண்டாவது, உன்னையும் அம்மாவையும் வேறு ஊரில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. நீங்கள் சம்மதித்தால் ஆள் அனுப்புவார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அந்தப் பூட்டிய வீட்டில்கூட இப்படிப் பயந்ததில்லை. அங்கே என் உயிர் மட்டும்தான் என் கையில் இருந்தது. நீங்கள் வர மாட்டோம் என்று சொன்னால் நான் விலகிவிடுகிறேன். சீக்கிரம் எழுது.

*

2025 ஜூலை 4

பாப்பா,

அம்மாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று இரண்டு நாள் முழித்தேன். கடைசியில், கொஞ்ச நாள் வேறு ஊரில் போய் இருந்துவிட்டு வரலாமா அம்மா, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பிறந்ததிலிருந்து இந்தக் குளிரில் கொழுந்து எடுக்கிறவளிடம்!

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னவளுக்கு ஏதும் ஆபத்தா?" என்றாள்.

நான் லாம்புத் திரியைத் தூண்டிவிட்டேன்.

"அவ போலீஸ்னு எனக்குத் தெரியும்டி. கார்மென்ட்ஸ் புள்ள லீவுல வந்தா வெரல்ல ஒரு ஊசிக் குத்து இருக்காது? நாயி கொலைச்சா மொதல்ல அவதான் எந்திரிச்சு நிக்கிறா. நீங்க ரெண்டு பேரும் சொல்லல, நானும் கேக்கல" என்றாள்.

அம்மா வர மாட்டாளாம். "நாம இப்ப ஓடினா, மைக்குல சொன்னது பத்தாதுன்னு நாமளே வீடு வீடாப் போயி சொன்ன மாதிரி. எம் ராசாத்திய அவ வேலையப் பாக்கச் சொல்லு. நாளைக்குப் பெரட்டுக்கு நேரத்தோட போகணும், லாம்ப அமத்து" என்று படுத்துவிட்டாள். அழகம்மா மகள் என்று உன்னைச் சும்மாவா சொல்கிறார்கள்?

நானும் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. நாகலெட்சுமி அக்கா நேற்று ஜெயிலுக்குத் தம்பியைப் பார்க்கப் போய் வந்தாள். ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைத்துக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். திரும்பி வந்தவள் பீலிக்கரையில் எனக்கு முன்னால் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடம் நிரம்பி வழிகிறது, அதுகூடத் தெரியாமல் நிற்கிறாள். சொல்லிவிட்டாள் பாப்பா. அவள் நின்ற நிலை அதைத்தான் சொன்னது. சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

இதை எழுதினால் நீ விலகிவிடுவாய் என்று தெரியும். எழுதாவிட்டால் நான் உனக்கு அக்கா இல்லை. அம்மா சொன்னதையும் எழுதிவிட்டேன், நான் பார்த்ததையும் எழுதிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

பிரியந்தி

*

2025 ஜூலை 11

அக்கா,

நேற்று சாட்சி சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி. விலகுகிறேன் என்று எழுதிக்கூட வைத்தேன், வேலையைப் பார்க்கச் சொல் என்று அம்மா சொன்னதைத் திரும்பப் படித்ததும் கிழித்துப் போட்டேன்.

கோர்ட்டின் மூலையில் நீலத் திரை கட்டியிருந்தார்கள். அது தரை வரைக்கும் எட்டவில்லை. கால் தெரியும் என்று கடைசி நேரத்தில்தான் கவனித்தார்கள். ஒரு கான்ஸ்டபிளின் சப்பாத்தைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்கள், முன்னால் பேப்பரைச் சுருட்டி அடைத்தும் கழன்று கழன்று வந்தது. மைக்கில் என் குரல் சளி பிடித்த கிழவன் குரலாக வெளியே போனது. வேன், வீடு, பூட்டு, அவன் பறித்து வைத்த பாஸ்போர்ட்டுகள், எல்லாம் சொன்னேன். எதிலும் தடுமாறவில்லை.

பிறகு அவனுடைய வக்கீல் எழுந்தார். சிங்களத்தில் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது, மொழிபெயர்ப்பாளர் தமிழில் இன்னொரு தடவை சொன்னார். "ஐந்தாம் சாட்சியின் உண்மையான பெயர் சுலக்ஷனா. டயகமப் பக்கம். பூரட்டாதி நட்சத்திரம். என் கட்சிக்காரரின் சகோதரி குடும்பத்தோடு பகை உள்ளவர். ஆமா, இல்லையா?"

ரேவதி என்று கேட்கப் போகிறார், தனுஷிகா என்று கேட்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. அந்தப் பெயர் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. என்னை அறியாமல் விம்மிவிட்டேன். மெஷின் அதை இருமலாக மாற்றி வெளியே அனுப்பியது.

சாட்சியின் அடையாளத்தைக் கேட்கக் கூடாது என்று நீதிபதி அம்மா வக்கீலைக் கண்டித்தார். கேள்வியை நீக்கச் சொல்லப் போனார். அதற்குள் என் பொறுப்பதிகாரி அரசு வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். நான் முன்பு சொல்லிச் சொல்லி எடுபடாமல் போன பெயர் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அரசு வக்கீல் எழுந்து, "அந்தப் பெயருடைய பெண் வெளிநாட்டில் இறந்துவிட்டார். அவரை இந்த வழக்கோடு சேர்த்துப் பேசியது எதிரித் தரப்பு. அது பதிவிலேயே இருக்கட்டும், விசாரிக்க அனுமதி வேண்டும்" என்றார். நீதிபதி அம்மா சரி என்றார். குற்றப்பத்திரத்தில் இடம் கிடைக்காத பெயர் கோர்ட்டுப் பதிவில் ஏறிவிட்டது.

இரவெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. தானே வேனில் ஏற்றிப்போன பெண்ணின் பெயரை அவன் தானே ஏன் இழுக்க வேண்டும்? அவளை அவனுக்குத் தெரியாதா? யார் சொன்னது அக்கா? உனக்கு ஏதாவது தெரியுமா? இன்னும் பயம் விடவில்லை. இது என்ன தந்திரம் என்று புரியாததால் கூடுதலாகத்தான் பயமாக இருக்கிறது.

*

2025 ஜூலை 17

பாப்பா,

இந்தக் கடிதத்தில் உயிரோடு இருக்கிற யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அர்ச்சனைக்கு என் பின்னால் நின்றவள் என்றால் உனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒன் தங்கச்சிக்கு சப்பாத்து என்னா சைஸு?" என்றாள்.

"ஏங்க அக்கா?" என்றேன்.

"நானும் கோர்ட்டுல பின் பெஞ்சில இருந்தேன். தெரைக்குக் கீழ ஆம்பள சப்பாத்து. போட்டிருந்தது ஆம்பள இல்ல. இழுத்து இழுத்து நடந்திச்சு. நீ ஒண்ணும் சொல்லாத, நான் சொல்லுறத மட்டும் கேளு."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கோயில்ல பேரு படிச்ச அன்னைக்கே எனக்குப் பொறி தட்டிடுச்சு. ஒன் சொவத்துல அந்த வெள்ளை எடத்தப் பாத்ததும் முடிவே பண்ணிட்டேன். சொல்லத்தான் ஜெயிலுக்குப் போனேன். கூடப் பொறந்தவன் இல்லியா? கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'சீக்கிரம் சொல்லுக்கா, அவ பேரு என்னா'ங்கறான். நாக்கு நுனி வரைக்கும் வந்திடுச்சு. ஆனா எனக்கு என்னமோ மொதல்ல அத கேக்கணும்போல இருந்திச்சு. 'டேய், சுலக்ஷனாவ ஞாபகம் இருக்கா'ன்னு கேட்டேன். 'சுலக்ஷனாவா? அதுதான் அவ நெசப் பேரா? எந்தத் தோட்டம்?'ங்கறான்."

தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே பிள்ளை இல்லை, வெறும் தொட்டில்.

"நான்தான் அவள அவன்கிட்ட கூட்டிப்போயி விட்டேன். எங்க வீட்டுல டீ குடிச்சிட்டுத்தான் வேன்ல ஏறினா. பெட்டிய எறக்கித் தூக்கினதுல எம் புருஷனும் ஒரு ஆளு. அவனுக்குப் பேருகூட ஞாபகம் இல்ல. ஆள் யாருன்னே தெரியல அந்தப் பாவிக்கு. சரி, எழுதிக்கடான்னு சொன்னேன். டயகம, பூரட்டாதி நட்சத்திரம், நம்ம வீட்டோட பகைன்னு நானே எடுத்துக் குடுத்தேன்."

பாப்பா, நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "சுலக்ஷனாவ யாரு ஏத்திப் போனாங்கன்னு பாத்தவ நான் ஒருத்திதான். கோர்ட்டுல வந்து சொல்லுறேன். ஆனா எனக்கும் புள்ளைங்க இருக்கு, அவனோட ஆளுங்க எங்க வீட்டு வாசல் வழியாத்தான் போய் வாறாங்க. அந்தத் தெர எனக்கும் கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

கிடைக்குமா பாப்பா? உடனே கேட்டு எழுது. கீழே எட்டாமல் இருந்ததே, அதை இந்தத் தடவை தரை வரைக்கும் தைக்கச் சொல்.

நீ எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் அரிசிப் பானையிலிருந்து எடுத்து நேற்று அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீ படித்ததும் எரித்துவிடு. அவள் பெயர் இதில் எங்கும் இல்லை. இருந்தாலும் எரித்துவிடு.

அக்கா